அலுமாரித் திறப்பு யாரிடம்?

போன மாதம் பூட்டிக் கிடந்த இன்னொரு புத்தக அலுமாரியைப் பார்த்தேன். திருகோணமலைக் கரையோரத்தில் ஒரு சனசமூக நிலைய நூலகம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் வாங்கிக் கொடுத்த கண்ணாடி அலுமாரி. திறப்பு தலைவர் வீட்டில், தலைவர் கொழும்பில். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகங்களின் பெயரை மட்டும் வாசித்துவிட்டுப் போவார்களாம். ஒருவழியாகத் திறந்தபோது வந்த மணமே போதுமாக இருந்தது. கீழ்த்தட்டில் பூஞ்சணம், பின்பலகையில் கறையான் மண். சாதாரண தர வினாத்தாள் தொகுப்பைக் கையில் எடுத்தால் இரண்டு மட்டையும் வந்தன, நடுவில் ஒன்றுமில்லை.

நிர்வாக சபையினர் நூலகர்களைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். "என்ன மருந்து அடிக்கலாம், சேர்?"

மருந்து இருக்கட்டும். பூட்டி வைத்தால் புத்தகம் பத்திரம் என்று உங்களுக்கு யார் சொன்னது? புத்தகத்துக்குக் கள்ளனைவிடப் பெரிய எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நீடித்தாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நம் பக்கம் அதற்குக் கீழே இறங்கினால்தான் அதிசயம். ஆட்கள் எடுத்துப் புரட்டும் புத்தகத்துக்குக் காற்றுப் படும், தூசி போகும், கறையான் ஏறினால் அந்த வாரமே யாராவது கண்டு சொல்வார்கள். இரவல் போன நாலு புத்தகம் திரும்பாமல் போவது எல்லா நூலகத்திலும் நடப்பதுதான். அதற்குப் பதிவேடு இருக்கிறது, நினைவூட்டல் இருக்கிறது, நட்டஈடு இருக்கிறது. கறையானிடம் நட்டஈடு வாங்கிய சபையை நான் கண்டதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் சொன்னது 1931இல். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். மற்ற நான்கையும் பற்றி நம் சபைகளோடு பேச இன்னும் வாய்க்கவில்லை.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். மழையும் அதையொட்டித்தான் தொடங்கும். பதாகை கட்ட ஏணி எடுப்பவர்கள் அதே ஏணியில் ஏறிக் கூரையையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், கால்களுக்குக் கீழே கட்டை கொடுங்கள். பூச்சி உருண்டை ஈரத்தை உறிஞ்சாது. அதைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

நூலகத்துக்கு வந்த புத்தகங்களை வரிசையாகப் பதியும் சேர்வுப் பதிவேட்டோடு வைத்து வருடத்துக்கு ஒருமுறை புத்தகங்களைச் சரிபாருங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேரின் கையொப்பம் கட்டாயம். சபை உறுப்பினர் எழுதிய புத்தகத்தை நூலகத்துக்கு வாங்கப் பேச்சு வந்தால், அவர் எழுந்துபோய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரட்டும். அப்புறம், இரவல் பதிவேட்டைப் புரட்டி, பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை என்ன வாசிக்கிறாள் என்று பார்ப்பது சபை வேலையில்லை. இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

புத்தகம் கொடுப்பதும் தெரிவுசெய்வதும் நூலகம் திறக்கிறவரின் பாடு. அவருக்குக் கொடுப்பனவு மாதாமாதம் போகிறதா, பின்னேரம் பிள்ளைகள் வரும் நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா, அடுத்த வருடம் புத்தகம் வாங்கக் காசு எங்கிருந்து வரும், இவைதான் உங்கள் பாடு.

ஐயாமார், அக்காமார், ஒரு கெஞ்சல்: அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக அலுமாரித் திறப்பை எடுங்கள். ஒன்று நூலகத்தைத் திறக்கிறவரிடம், மற்றது நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உறுப்பினரிடம். இரண்டு பெயரையும் கூட்ட அறிக்கையில் எழுதிக் கையொப்பம் வையுங்கள்.