வாய்க்கால் மட்டும் வெட்டிய கர்ப்பம்

மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "அண்ணை, மச்சாளுக்கு மூண்டு மாசம். வயிறு அஞ்சு மாசம் மாதிரி, ஒரே சத்தி. ஸ்கான் எடுத்தா பிள்ளையே இல்லையாம், முத்து முத்தா ஏதோ கிடக்குதாம். முனி அடிச்சிட்டுது எண்டு அம்மா கழிப்புக் கழிக்க நிக்கிறா. பிள்ளை இல்லாமல் எப்படி அண்ணை வயிறு வளரும்?"

முனியைப் பிறகு பார்ப்போம். கேள்வி நல்ல கேள்வி. ஏறத்தாழ 1000 கர்ப்பங்களில் ஒன்று இப்படி ஆகிவிடுவதுண்டு, தமிழகத்தில் இதை முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்பார்கள். பாடநூல்கள் திராட்சைக் குலை என்று எழுதும். எனக்கென்னவோ கஞ்சியில் வெந்து ஊதிய சவ்வரிசிதான் நினைவுக்கு வரும். ஸ்கானில் பனிப்புயல் போலத் தெரியும் என்றும் எழுதியிருக்கும். பனியை எங்கே கண்டோம், அன்ரனா கழன்ற பழைய ரீவியில் புள்ளிபுள்ளியாய் இரையுமே, அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாயிடமிருந்து 23 நிறமூர்த்தம் (ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம்), தகப்பனிடமிருந்து 23, இது ஓ.எல் பாடம். இங்கே முட்டையில் தாயின் பங்கு எப்படியோ தொலைந்துவிடுகிறது. வெறும் முட்டைக்குள் நுழைந்த ஒரு விந்து, தன் 23ஐயும் பிரதியெடுத்து 46 ஆக்கிக்கொள்கிறது. (பத்தில் ஒன்றில் இரண்டு விந்துகள் நுழைந்திருக்கும்.) எக்ஸ் விந்தானால் எக்ஸ்எக்ஸ், வை விந்தானால் வைவை, எக்ஸ் இல்லாத கலம் (செல்) பிழைக்காது. 1977இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கஜீயும் ஒஹாமாவும் இந்தத் திசுவின் நிறமூர்த்தங்களைத் தாய் தகப்பனுடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அத்தனையும் தகப்பனுடையவை என்று தெரிந்தது. தாய் வயிற்றில் வளர்ந்ததில் தாயின் நிறமூர்த்தம் ஒன்றுகூட இல்லை!

சரி, 46 இருக்கிறதே, பிள்ளை ஏன் வரவில்லை? இந்த இடம்தான் எனக்கு எத்தனை தரம் வாசித்தாலும் அலுக்காதது. சில ஜீன்களின் மேல், இது தாய் தந்தது, இது தகப்பன் தந்தது என்று சின்ன இரசாயன அடையாளம் குத்தியிருக்கிறது. ஒரே ஜீன், தகப்பன் வழி வந்தால் வேலை செய்யும், தாய் வழி வந்தால் உறங்கும். இன்னும் சில நேர்மாறு. 1984இல் எலி முட்டைகளில் நிறமூர்த்தங்கள் அடங்கிய கருக்களை மாற்றி வைத்துப் பார்த்தார்கள், கேம்பிரிட்ஜில் அசிம் சுராணி, அமெரிக்காவில் மெக்ராத்தும் சோல்ட்டரும். தாயின் பங்கு மட்டும் இரண்டு மடங்கு வைத்தால் முளையம் (பிள்ளையின் ஆரம்ப உருவம்) ஓரளவு உருவானது, சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) நோஞ்சான். தகப்பனுடையதை மட்டும் வைத்தால் சூல்வித்தகத் திசு ஏராளம், முளையம் பேருக்குத்தான்.

நம்மூர்க் கணக்கில் சொன்னால், தகப்பன் பக்கத்து ஜீன்கள் குளத்திலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்டு வெட்டு என்று நிற்கும். தாய் பக்கத்தவை போதும் என்று துருசை இறக்கும். இரண்டும் இழுபட்டால்தான் வயல் விளையும். இங்கே துருசுக்காரர் இல்லை. எங்கு பார்த்தாலும் வாய்க்கால், அதாவது சூல்வித்தகம்; வயலே, அதாவது பிள்ளையே, கிடையாது. தண்ணீரை வாங்கிக்கொள்ளப் பிள்ளையின் குருதிக்குழாய் இல்லாததால் சூல்வித்தக நுனிகளில் நீர் தேங்கி ஊதுகிறது, அதுதான் அந்த முத்து. அந்தக் கலங்களே எச்சிஜி என்ற கர்ப்ப ஓமோனையும் அளவுகணக்கில்லாமல் சுரக்கும். மச்சாளின் சத்தி அதனால்தான்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. சில பெண்களின் சூலகத்தில் ஒரு கட்டி வரும், வெட்டித் திறந்தால் உள்ளே முடி, பல்! முட்டைக் கலம் தன்பாட்டில் வளரப்பார்த்ததன் விளைவு அது. தாயின் ஜீன் மட்டும். பல் முளைத்தாலும் சூல்வித்தகம் முளைக்காது.

இதை ஆராய்ந்து என்ன கிடைக்கும், காசுக்குக் கேடு என்பவர்களுக்கு ஒன்று. 2022இல் மனித மரபணுத்தொகுதியை முதல் தடவையாக இடைவெளி விடாமல் வாசித்தார்களே, அதற்குப் பயன்பட்டது இப்படியொரு முத்துப்பிள்ளையிலிருந்து வளர்த்த கலங்கள். உங்களுக்கும் எனக்கும் தாய்ப் பிரதி வேறு, தகப்பன் பிரதி வேறு, வாசிக்கும்போது குழம்பும். அதில் இரண்டும் ஒன்றே. குப்பைவாளிக்குப் போயிருக்கவேண்டிய திசு!

இனி மச்சாளின் கதை. உறிஞ்சி எடுத்து கருப்பையைத் துப்புரவாக்குவார்கள். ஆனால் அதோடு முடியாது. 100 பேரில் 15 பேர் வரைக்கும் மிச்சக் கலங்கள் மறுபடி வளரத் தொடங்கும், அரிதாகப் புற்றுநோயாகும். பயப்படத் தேவையில்லை, 1956இலேயே மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தால் இந்தப் புற்றுநோயை மாற்றிக்காட்டினார்கள், இப்போது ஏறத்தாழ எல்லாருக்கும் குணமாகிறது. ஆனால் நேரத்துக்குப் பிடிக்கவேண்டும், அதற்குத்தான் குருதியில் எச்சிஜி இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது. டொக்டர் சரி என்று சொல்லும்வரை அடுத்த பிள்ளை வேண்டாம். இடையில் கருத்தரித்தால் ஓமோன் ஏறுவது எதனால் என்று தெரியாமல் போய்விடும். அதற்குப் பிறகு தாராளமாகப் பெறலாம், 100ல் 98, 99 பேருக்கு இது திரும்ப வராது.

அம்மாவோடு சண்டை பிடிக்காதே தங்கச்சி. கழிப்புக்கு ஒரு சேவலும் நாலு தேசிக்காயும் போகும், போகட்டும். இரத்தம் எடுக்கிற திகதியில் மட்டும் அதை வைக்கவேண்டாம் என்று சொல்.