அட்டை கடித்த காலுறை

மழைக்காலத்தில் தேயிலை மலை வழியாகப் பாடசாலைக்கு நடந்தவர்களுக்கு இது பழக்கம். அட்டை கடித்த இடத்தில் வெள்ளைக் காலுறை பளிச்சென்று சிவக்கும். பின்னேரம் பீலியடியில் அம்மா சவர்க்காரம் போடும்போது அதே கறை பழுப்பேறிக் கிடக்கும். செயற்கைக் குருதி செய்ய முனைந்தவர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்ததும் இந்தப் பழுப்புத்தான்.

செங்குழியத்துக்குள் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம் ஈமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. ஒட்சிசன் வந்து ஒட்டுவது அவற்றில்தான். சில வேளை, போகும் ஒட்சிசன் இரும்பிடமிருந்து ஓர் இலத்திரனையும் பறித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது மெத்ஈமோகுளோபின்: நிறம் பழுப்பு, ஒட்சிசன் சுமக்கச் சக்தியில்லை. நம் உடம்பிலேயே நாளொன்றுக்கு நூற்றுக்கு 3 வரை இப்படிக் கெடலாம். செங்குழியத்துக்குள் இருக்கும் நொதியங்கள் அவ்வப்போது இலத்திரனைத் திருப்பிக் கொடுத்துச் சரிசெய்துவிடுகின்றன.

செயற்கைக் குருதிக்காகக் குழியத்தை உடைத்து ஈமோகுளோபினை மட்டும் எடுத்தால் அந்தக் காவல் போய்விடும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை ரோலரில் அரைத்ததும் பச்சை மாறிச் செம்புநிறம் ஏறுமே, கிட்டத்தட்ட அதே கதை. என்ன, கொழுந்தில் நொதியம்தான் ஒட்சியேற்றுகிறது. குருதியில் அதுதான் தடுக்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெளியே வந்த ஈமோகுளோபின் இரண்டு பாதியாகப் பிரிந்து சிறுநீரகத்தில் வடிந்து அதைக் கெடுக்கும். குளுட்டரால்டிகைட்டு என்ற இரசாயனம் போட்டு மூலக்கூறுகளைப் பிணைத்தால் பிரிவது நிற்கும், பழுப்பாவது நிற்காது. அதனால் ஒட்சிசனை வெளியேற்றிவிட்டே பையில் அடைக்கிறார்கள். ஒட்சிசன் இல்லையென்றால் இலத்திரனைப் பறிக்க ஆளில்லை. மாட்டுக் குருதியிலிருந்து செய்து, 2001இல் தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்ற ஹீமோப்யூர் என்ற செயற்கைக் குருதி இப்படித்தான் குளிர்பெட்டி இல்லாமல் 3 வருடம் வரை தாங்குகிறது. தானமாகக் கொடுத்த செங்குழியமோ குளிரில் வைத்தாலும் 35 முதல் 42 நாள்தான். தோட்டத்திலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்கு வளைந்து வளைந்து இறங்கும் பாதையை நினைத்தால், அந்த 3 வருடம் எனக்குப் பெரிய விஷயமாகத்தான் தெரிகிறது.

ஆனால் உடம்புக்குள் ஏற்றியதும் ஒட்சிசன் கிடைத்துவிடுமே! பழுப்பாவது அங்கே மறுபடி தொடங்கும். குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டையும் இந்த ஈமோகுளோபின் விழுங்கிவிடுவதால் குருதிக்குழாய்கள் சுருங்கி, அழுத்தம் ஏறும். பல நாடுகள் அனுமதி தரத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பானில் சிலர் வேறு வழியில் போனார்கள். ஈமோகுளோபினை மெல்லிய கொழுப்புப் படலத்தால் சுற்றி, செங்குழியத்தின் அகலத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள குட்டி உறைகளாக்கிப் பார்க்கிறார்கள்.