காய் நிறைந்த செடியெல்லாம் விதைக்கு ஆகுமா? பாசிப்பயற்றில் மரபு வேறுபாடும் மரபுவழித் திறனும்

அறுவடைக்கு ஒரு வாரத்துக்கு முன்பு பாசிப்பயற்று வயலுக்குள் நடந்து சென்றால், யாருடைய கண்ணும் ஓரிரு செடிகளில் தானாக நின்றுவிடும். பக்கத்துச் செடிகளில் பதினைந்து காய்கள் இருக்கும்போது, அந்த ஒரு செடியில் மட்டும் ஐம்பது காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விவசாயியாக இருந்தால், இதை விதைக்கு எடுக்கலாம் என்று பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு வைப்பார். பயிர்ப்பெருக்கம் படிக்கும் மாணவராக இருந்தால் எண் எழுதிய சீட்டைக் கட்டுவார். தாயைப் போலப் பிள்ளையும் காய்த்துக் குலுங்கும் என்பதே இருவருடைய எதிர்பார்ப்பும். பயறு வகைப் பயிர்ப்பெருக்கத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்து வருபவன் என்ற முறையில், அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது, எங்கே அது நம்மை ஏமாற்றுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதுநிலைப் பட்ட ஆய்வின்போது, ஒரு கலப்பின் எஃப்2 தலைமுறையில், அதாவது கலப்பினச் செடியின் விதையிலிருந்து வந்து, பெற்றோரின் குணங்கள் பலவாறாகப் பிரிந்து வெளிப்படும் தலைமுறையில், செடிக்கான காய் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதினைந்து செடிகளைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த விதைப்புப் பட்டத்தில் ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனி வரிசையாக விதைத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை சாதாரண வரிசைகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தன. பழைய வயல் வரைபடத்தை எடுத்து அந்தப் பதினைந்து செடிகளும் எங்கே நின்றன என்று குறித்துப் பார்த்தேன். பதினொரு செடிகள் வாய்க்கால் ஓரத்திலோ, பக்கத்துச் செடி முளைக்காமல் போன இடைவெளியை ஒட்டியோ நின்றிருந்தன. வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளியில் வளரும் ஒரு செடிக்குப் பக்கத்தில் இரண்டு செடிகள் இல்லாமல் போனால், அதற்குக் கிடைக்கும் வெளிச்சமும் ஈரமும் எவ்வளவு கூடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு முழுப் பட்டத்தின் உழைப்பை வாய்க்கால் தண்ணீருக்குப் பரிசளித்திருந்தேன்.

கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இரண்டு பங்குகள் சேர்ந்தது. ஒரு பங்கு விதைக்குள் இருக்கும் மரபணுக்களால் வருவது. மற்றது மண், நீர், இடைவெளி, பூச்சி ஆகிய சூழலால் வருவது. மொத்த வேறுபாட்டில் மரபின் பங்கு எத்தனை சதவீதம் என்பதையே மரபுவழித் திறன் என்கிறோம். டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் ஜோஹான்சென் 1903ஆம் ஆண்டில் வெளியிட்ட பீன்ஸ் ஆய்வு இதை மிக எளிமையாகக் காட்டியது. ஒவ்வொன்றும் ஒரே செடியிலிருந்து தன் மகரந்தச் சேர்க்கையால் வழிவழியாக வந்த 19 தூய வழிகளை அவர் தனித்தனியே வளர்த்தார். ஒரே வழிக்குள் பெரிய விதையும் சிறிய விதையும் இருந்தன. ஆனால் பெரிய விதையை விதைத்தாலும் சிறிய விதையை விதைத்தாலும், அடுத்த தலைமுறையின் சராசரி எடை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வழிக்கு வழி இருந்த வேறுபாடு மரபினுடையது. வழிக்குள் இருந்த வேறுபாடு சூழலுடையது. பாசிப்பயறும் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால், இந்த முடிவு நம் வயலுக்கு அப்படியே பொருந்தும்.

இந்தப் பங்குகளைப் பிரித்தறிய, பல வளர்ப்புகளை, அதாவது தனித்தனியே பேணப்படும் விதை வழிகளையும் இரகங்களையும், ஒரே வயலில் இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப விதைத்து அளக்கிறோம். ஒரே வளர்ப்பின் வெவ்வேறு பாத்திகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சூழலின் அளவைச் சொல்லும். அதைக் கழித்தால் மரபின் அளவு கிடைக்கும். மரபு வேறுபாட்டைச் சராசரியோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வது மரபு மாறுபாட்டுக் கெழு. அது 10க்குக் குறைந்தால் குறைவு, 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று இன்று இந்தியா முழுவதும் ஆய்வேடுகளில் எழுதப்படும் வகைப்பாட்டுக்கு, சிவசுப்பிரமணியன், மாதவ மேனன் இருவரும் 1973இல் மெட்ராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னலில் எழுதிய நெல் பற்றிய கட்டுரையே மேற்கோளாகக் காட்டப்படுகிறது என்பதைச் சொல்லிவிட்டுச் செல்வது நம் கடமை.

மரபுவழித் திறன் மட்டும் தெரிந்தால் போதாது. எளிமைக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொகுப்பில் பூக்கும் நாளின் சராசரி 36, திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) 1.2 நாள், மரபுவழித் திறன் 85 சதவீதம் என்று கொள்வோம். அதே தொகுப்பில் செடிக்கான விதை மகசூல் சராசரி 8 கிராம், திட்டவிலக்கம் 2 கிராம், மரபுவழித் திறன் 50 சதவீதம் என்று கொள்வோம். சிறந்த 5 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிடைக்கும் மரபு முன்னேற்றத்தை, அதாவது அடுத்த தலைமுறையின் சராசரி எவ்வளவு நகரும் என்பதைக் கணக்கிட, அந்த 5 சதவீதத் தேர்வுக்குரிய 2.06 என்ற மாறிலியைத் திட்டவிலக்கத்தாலும் மரபுவழித் திறனாலும் பெருக்க வேண்டும். பூக்கும் நாளில் கிடைப்பது 2.1 நாள், சராசரியில் 6 சதவீதம்கூட இல்லை. மகசூலில் கிடைப்பது 2.06 கிராம், சராசரியில் 25 சதவீதத்துக்கு மேல். மரபுவழித் திறன் கூடுதலாக இருந்த குணத்தில் முன்னேற்றம் சிறியது. பாதியாக இருந்த குணத்தில் முன்னேற்றம் பெரியது. தேர்ந்தெடுப்பதற்கு வேறுபாடே இல்லாத இடத்தில், மரபுவழித் திறன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அதனால் பயன் இல்லை. 1955ஆம் ஆண்டிலேயே ஜான்சன், ராபின்சன், காம்ஸ்டாக் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் மரபுவழித் திறனையும் மரபு முன்னேற்றத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டனர். ஆனாலும் மரபுவழித் திறன் 90 சதவீதம் என்ற ஒற்றை எண்ணைத் தனியே எடுத்துக்காட்டி, இந்தக் குணத்தில் தேர்வு செய்தால் பலன் நிச்சயம் என்று முடிக்கும் ஆய்வேடுகளை இன்றும் பார்க்கிறேன்.

அந்த 90 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே வயலில், ஒரே பட்டத்தில் நடத்திய சோதனையில், மரபின் பங்கு என்று நாம் பிரித்தெடுக்கும் எண்ணுக்குள் அந்த வளர்ப்புக்கு அந்தப் பட்டம் ஒத்துப்போனதன் பலனும் ஒளிந்திருக்கும். மாசிப்பட்டத்தில் முதலிடம் பெற்ற வளர்ப்பு ஆடிப்பட்டத்தில் பத்தாம் இடத்துக்குப் போவது புதிதல்ல. இரண்டு மூன்று பட்டங்களில், வேறு வேறு இடங்களில் சோதித்தால்தான் அந்த ஒத்துப்போகும் பங்கு தனியே பிரியும். அப்போது மரபுவழித் திறன் இறங்கும். இறங்கி வரும் அந்த எண்ணையே நான் நம்புவேன்.

மஞ்சள் தேமல் நோய் இந்தக் கணக்கை மேலும் திரித்துவிடும். இந்த நோயைப் பரப்பும் வெள்ளை ஈ பெருகும் கோடையில் சோதனை நடந்தால், எதிர்ப்புத்திறன் இல்லாத வளர்ப்புகள் இலை முழுவதும் மஞ்சளாகி, காய்கள் சிறுத்து, கையளவு விதைகூடத் தராமல் போகும். எதிர்ப்புத்திறன் உள்ளவை நிமிர்ந்து நிற்கும். அந்தச் சோதனையில் மகசூலுக்கு மிகப் பெரிய மரபு வேறுபாடும் மிக உயர்ந்த மரபுவழித் திறனும் கிடைப்பது இயல்பு. ஆனால் நாம் அளந்தது மகசூல் திறனை அல்ல. நோய் எதிர்ப்பை மகசூல் என்ற பெயரில் அளந்திருக்கிறோம். நோய் வராத பட்டத்தில் அதே வளர்ப்புகளை வைத்தால் வேறுபாடு சுருங்கிவிடும். ஆகவே, நோய்த் தாக்குதலின் மதிப்பெண்ணை மகசூல் அட்டவணையின் பக்கத்திலேயே போடாத எந்த அறிக்கையையும் நான் முழுமையானதாகக் கொள்வதில்லை. சோதனையில் சேர்க்கும் வளர்ப்புகளும் இப்படித்தான். நூறு விதை 3, 4 கிராம் எடையுள்ள நம் இரகங்களுக்கு நடுவே, 6 கிராம் எடையுள்ள வெளிநாட்டுப் பெருவிதை வளர்ப்புகள் நான்கைச் சேர்த்துவிட்டால், விதை எடைக்கான மாறுபாட்டுக் கெழு தானாக உயர்ந்துவிடும்.

இன்னொரு பிழை அறுவடையில் இருக்கிறது. அது பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பாசிப்பயறு ஒரே நேரத்தில் முதிர்வதில்லை. கீழ்க் கொத்தில் நெற்று கறுத்து வெடிக்கும் நிலையில் இருக்கும்போது, மேலே பூ பூத்துக்கொண்டிருக்கும். ஆய்வுப் பாத்தியில் நாங்கள் மூன்று தடவை நெற்றுப் பறித்து, எல்லாவற்றையும் கூட்டி, செடிக்கான மகசூல் என்று எழுதுகிறோம். விவசாயிக்கோ மூன்று தடவை பறிக்க ஆள் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுவதில்லை, ஒரே தடவையில் அறுத்துவிட விரும்புகிறார். நாங்கள் மூன்று பறிப்பின் கூட்டுத்தொகையை வைத்துத் தேர்ந்தெடுக்கும் செடி, நீண்ட நாள் பூத்துக்கொண்டே இருக்கும் செடியாக இருக்கக்கூடும். அது அவருக்கு வேண்டாத செடி. ஒருசேர முதிரும், இயந்திர அறுவடைக்கு ஏற்ற கோ 8 இரகம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது அதற்குக் கிடைத்த வரவேற்பின் காரணம் இதுதான். முதல் பறிப்பில் கிடைத்த விதை, மொத்த மகசூலில் எத்தனை சதவீதம் என்பதைத் தனிக் குணமாக அளந்து, அதற்கும் மரபுவழித் திறனைக் கணக்கிட வேண்டும் என்று என்னிடம் வரும் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

வேறுபாடு இல்லாமல் தேர்வு இல்லை என்பதால், வேறுபாடு எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அடுத்து வருகிறது. இந்திய இரகங்களின் வம்சாவளியைப் பின்னோக்கித் தேடினால், பீகாரின் முசாபர்பூர் பகுதியிலிருந்து வந்த டி1, அதன் வழியில் உருவான டி44 போன்ற சில மூதாதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புகழ்பெற்ற பூசா பைசாகி இரகமும் டி44இலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டதே. நெருங்கிய உறவுக்குள் கலப்புச் செய்தால் பிரியும் தலைமுறையில் வேறுபாடு சுருங்கும். தைவானில் 1971இல் தொடங்கப்பட்ட உலகக் காய்கறி மையத்தின் வளர்ப்புகளும், டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் காமா கதிர்வீச்சால் உருவாக்கிய சடுதிமாற்ற இரகங்களும் அந்தச் சுருக்கத்தை ஓரளவு உடைத்தன. மடகாஸ்கரில் கிடைத்த டிசி1966 என்ற காட்டுப் பயற்றில் பயறு வண்டுக்கு எதிர்ப்பு இருந்தது. அதை ஒரே ஒரு முதன்மை மரபணு கட்டுப்படுத்துவதால் தேர்வு எளிது. மகசூலுக்கு அப்படி ஒற்றை மரபணு கிடையாது. அதனால்தான் இவ்வளவு கணக்கு.

கலப்புச் செய்வது எளிய வேலையும் அல்ல. மறுநாள் மலரவிருக்கும் மொட்டை மாலையிலேயே தேர்ந்தெடுத்து, மகரந்தத் தாள்களை மூடி முறுக்கியிருக்கும் படகிதழை இடுக்கியின் நுனியால் கீறி, உள்ளே இருக்கும் பத்து மகரந்தத் தாள்களையும், சூலகமுடியைத் தொடாமல் எடுத்துவிட வேண்டும். இரவிலேயே மகரந்தப்பை வெடித்துவிடும் என்பதால், காலம் தாழ்த்தினால் தன் மகரந்தம் சேர்ந்துவிடும். மறுநாள் காலையில் ஆண் செடியின் மகரந்தத்தைத் தடவி நூல் கட்டினால், பெரும்பாலான பூக்கள் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும், தங்குபவை சிலவே. கிடைத்த விதை உண்மையான கலப்பினமா என்பதை அறிய, பச்சைத் தண்டுள்ள செடியைப் பெண்ணாகவும், முளைத்தண்டு ஊதா நிறமுள்ளதை ஆணாகவும் வைத்துக்கொள்வோம். ஊதா ஓங்கு குணம் என்பதால், முளைத்த நான்காம் நாளில் பச்சைத் தண்டோடு நிற்கும் நாற்றைத் தயங்காமல் பிடுங்கிவிடலாம். இவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய வேறுபாட்டை, எஃப்2 தலைமுறையில் காய் எண்ணிக்கையை மட்டும் கண்ணால் பார்த்து வீணாக்கக் கூடாது என்பதே என் கவலை.

நான் இப்போது பின்பற்றும் முறை இதுதான். எஃப்2, எஃப்3 தலைமுறைகளில் விதைப் பருமன், பூக்கும் நாள், தேமல் எதிர்ப்பு போன்ற, ஒற்றைச் செடியிலேயே ஓரளவு நம்பி அளக்கத்தக்க குணங்களுக்கு மட்டும் தேர்வு செய்கிறேன். மகசூலுக்கான தேர்வை எஃப்4, எஃப்5 வரை ஒத்திவைத்து, பல வரிசைகளில் திரும்ப விதைத்த பிறகே செய்கிறேன். 65, 70 நாளில் முடியும் பயிர் என்பதால் நீர் இருந்தால் ஆண்டுக்கு மூன்று தலைமுறை கொண்டுபோகலாம். இந்த ஒத்திவைப்பால் காலம் அதிகம் போவதில்லை. முன் தலைமுறையில் மகசூலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், 1961இல் கார்ட்னர் என்ற ஆய்வாளர் மக்காச்சோளத்தில் காட்டிய கட்ட முறையைக் கையாளலாம். வயலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிறந்த செடியை எடுத்தால், வாய்க்கால் ஓரச் செடி வாய்க்கால் ஓரச் செடியோடும், நடுவயல் செடி நடுவயல் செடியோடும் மட்டுமே போட்டியிடும். ஓர வரிசைகளையும் இடைவெளியை ஒட்டிய செடிகளையும் அப்போதும் விட்டுவிட வேண்டும்.

விதை எடுத்து வைக்கும் விவசாயிகளுக்கும் இதிலிருந்து நேரடியான செய்தி உண்டு. நீங்கள் வாங்கி விதைத்த இரகம் ஏறத்தாழத் தூய வழி. அதற்குள் பெரிய செடியாகப் பார்த்து விதை எடுப்பதால் அடுத்த ஆண்டு மகசூல் கூடாது. வழக்கத்தைவிட உயரமாக, கொடி ஓடி, பத்து நாள் தாமதமாகப் பூத்து நிற்கும் செடி, பெரும்பாலும் வேறு இரகத்தின் கலவன் செடியாகத்தான் இருக்கும். அதற்குக் குச்சி நட்டு வைக்காமல் கண்டவுடனே பிடுங்கி எறியுங்கள். பூக்கும்போது ஒரு முறையும், நெற்று முற்றும்போது ஒரு முறையும் வயலைச் சுற்றி, நிறமோ இலையோ காயோ மாறுபட்டவற்றையும் தேமல் கண்டவற்றையும் நீக்குங்கள். நடுவயலில், ஒன்றுபோல முதிர்ந்த நெற்றுகளை விதைக்கென்று தனியே பறித்து, ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, வண்டு ஏறாத கலத்தில் மூடி வையுங்கள்.