ஸ்வீப் – வளைந்தேறல்

கிரிக்கெட்டில் முட்டி போட்டு மட்டையைத் தரையோடு சுழற்றினால் ஸ்வீப். ஒரு தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்றாலும் ஸ்வீப். அமெரிக்கக் கால்பந்திலோ அது ஓர் ஓட்டத்தின் பெயர். பந்தை வாங்கியவர் நடுவில் மோதாமல் பக்கவாட்டில் ஓடி, எதிரணி வரிசையின் கடைசி ஆளைச் சுற்றிக்கொண்டு முன்னேறுவார்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்வாபன்’ என்றால் பெருக்குவது. வாசல் கூட்டும் கையைப் பாருங்கள்: விளக்குமாறு நேர்கோட்டில் போகாது, அரைவட்டம் போடும். போன இடத்தைத் துப்புரவாக்கும். இந்த ஆட்டத்தில் துப்புரவாக்குபவர் பந்துக்காரர் அல்லர். அவருக்கு முன்னே ஓடி, எதிராளிகளைத் தடுத்து வழிதிறக்கும் முன்வரிசை ஆட்டக்காரர்களான ‘கார்டு’கள். கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு 1959இல் பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி இதை ஒரு கலையாகவே ஆக்கினார். அவருடைய கார்டுகளான ஜெர்ரி கிரேமரும் ஃபஸி தர்ஸ்டனும் தங்கள் இடத்தைவிட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடுவார்கள். பின்னால் பால் ஹார்னங் பந்தோடு வருவார். உள்பக்கம் ஓர் அடைப்பு, வெளிப்பக்கம் ஓர் அடைப்பு, நடுவே உண்டாகும் சந்தில் ஓட்டம். கரும்பலகையில் லொம்பார்டி விளக்கியது இவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்து எங்கே திறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கு மறுபக்கம் திரும்ப வேண்டும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தரும்போது ஆங்கிலப் பெயரே இடைஞ்சலாகிறது என்பது என் எண்ணம். பெருக்குவது என்றதும் பிள்ளை பக்கவாட்டில் மட்டும் ஓடுகிறது. மைதானத்தின் அகலம் 160 அடிதான். ஓரக்கோடு வந்துவிடுகிறது, ஒரு கெஜம்கூட முன்னேறியிருக்காது. வேகமான பிள்ளையானால் தனக்கு வழிவிடும் கார்டுகளையே முந்திவிடுகிறது. அதனால்தான் பயிற்சியாளர்கள் முதலில் நடக்கவிட்டுப் பழக்குகிறார்கள். முன்னால் போகிறவரின் இடுப்பில் ஒரு கை, ஓரக்கோட்டுப் பக்கத்துக் கையில் பந்து, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு கூம்பு.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பெருக்கோட்டம்’ என்றால் பெருக்கல் வாய்ப்பாடும் ஆடிப்பெருக்கும்தான் நினைவுக்கு வரும். ‘புறவோட்டம்’ நல்ல சொல். ஆனால் வெளிப்புறமாகப் போகும் எல்லா ஓட்டங்களுக்கும் அது பொதுப்பெயராகவே பொருந்தும். நான் ‘வளைந்தேறல்’ என்பேன். ஆங்கிலச் சொல்லில் இல்லாத இரண்டாம் பாதி, அதாவது திரும்பி முன்னேறுவது, இதில் இருக்கிறது. முன்னே ஓடி வழி திறப்பவர்களுக்கும் நம்மிடம் சொல் உண்டு: படைக்கு முன்னே செல்லும் அணியைப் பழந்தமிழ் ‘தூசி’ என்றது. தூசியின் பின்னே வளை. கூம்பைத் தாண்டியதும் ஏறு.