ஜாமீன்: பொருளும் வேரும், 'பிணை' என்ற தமிழ்ச்சொல்லும்

கைதான ஒருவருக்கு ஜாமீன் கிடைத்ததும் வீட்டிலிருப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கேஸ் முடிஞ்சுதா?" என்பதுதான். முடியவில்லை, இனிமேல்தான் விசாரணையே வரும் என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. இந்தக் குழப்பத்துக்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஜாமீன்' என்ற ஒலி தமிழ்க் காதுக்கு எந்தப் படத்தையும் காட்டுவதில்லை. அதற்கு ஈடான தமிழ்ச்சொல்லோ முழுப் பொருளையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

ஜாமீன் அரபியிலிருந்து வந்த சொல். அங்கே அதன் மூலச்சொல்லுக்குப் பொறுப்பேற்பவர், இன்னொருவருக்காக உறுதி சொல்பவர் என்று பொருள். அதாவது அது ஓர் ஆளைக் குறித்த சொல். பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் போனபோதும் அப்படியே இருந்தது. இந்தியில் இன்றும் பொறுப்பேற்கும் ஆள் 'ஜாமின்', அந்தச் செயல் 'ஜமானத்'. தமிழில்தான் ஆளின் பெயர் செயலின் பெயராகிவிட்டது. அப்புறம் ஆளைக் குறிக்க 'தார்' என்ற பாரசீக ஒட்டைச் சேர்த்து 'ஜாமீன்தார்' என்றோம்.

ஆனால் பழைய பொருள் முழுக்கச் செத்துவிடவில்லை. கடன் வாங்கும்போது "யார் ஜாமீன் கையெழுத்துப் போடுறது?" என்று கேட்கிறோம். "அவனுக்கு நான் ஜாமீன்" என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், அந்தச் சொல் அரபியில் பிறந்தபோது இருந்த அதே பொருளில்தான் வருகிறது.

சொல்லின் முதலெழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரபியில் அது நம் ஜகரம் இல்லை, நாக்கை அழுத்திச் சொல்லும் வேறோர் எழுத்து. தமிழ் முஸ்லிம்கள் அதை நெடுங்காலமாக ளகரத்தால் எழுதிவருகிறார்கள். 'ரமளான்' என்பதில் வரும் 'ள' அதுதான். பாரசீகர்கள் அந்த எழுத்தை 'ஸ' போன்ற அதிர்வொலியாகச் சொன்னார்கள், தமிழில் அது ஜகரமாக விழுந்தது. அதனால்தான் ஒரே மாதம் ஒரு வழியில் 'ரமளான்' ஆகவும் இன்னொரு வழியில் 'ரம்ஜான்' ஆகவும் நம்மிடம் இருக்கிறது. ஜாமீன் இரண்டாவது வழியில் வந்த சொல். நீதிமன்றத்தில் புழங்கும் ஆஜர், ஜப்தி, ராஜி, ராஜினாமா ஆகியவற்றில் உள்ள ஜகரமும் அதே அரபி எழுத்துதான். இவற்றை நாம் அரபிக் கடல் வணிகர்களிடம் கற்கவில்லை, பாரசீகத்தில் எழுதிய அலுவலகங்களிடம் கற்றோம் என்பதற்கு அந்த ஒரு எழுத்தே சாட்சி. ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் பாரசீகம் எழுத்து மொழியாக இருந்தது. பின்னால் வந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் அந்தச் சொற்களைத் தூக்கிப் போடவில்லை. வக்கீல், முன்சீப், அமீனா, கைதி, வாய்தா எல்லாம் இந்தக் கூட்டத்தோடு வந்து தங்கியவைதான்.

ஒரு சிறு எச்சரிக்கை. 'ஜமீன்' வேறு, 'ஜாமீன்' வேறு. ஜமீன் என்பது நிலம் என்ற பொருளுள்ள பாரசீகச் சொல், அதை உடையவர் ஜமீன்தார். இரண்டுக்கும் உறவு கிடையாது. அவசரத்தில் ஒரு கால் விடுபட்டால் பொறுப்பேற்றவர் நிலக்கிழாராகிவிடுவார்.

சரி, தமிழில் என்ன? பிணை. பிணைத்தல் என்றால் கட்டுதல், ஒன்றோடொன்று சேர்த்து முறுக்குதல். பிணையல், பிணைப்பு எல்லாம் இந்த வேரின் கிளைகள். கைகோத்து நிற்பதையும் பிணைத்தல் என்கிறோம். ("பிணையேர் மடநோக்கும்" என்று குறள் சொல்லும் பிணை பெண்மானைக் குறிப்பது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.) இன்னொருவருக்காகத் தன்னைக் கட்டிக்கொள்வது பிணைப்படுதல். தமிழ் விவிலியத்தின் நீதிமொழிகளில், அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் பாடுபடுவான் என்ற எச்சரிக்கை வருகிறது. பிறர் கடனுக்குக் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர்களுக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

இதன் பக்கத்திலேயே 'புணை' என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. அதற்குத் தெப்பம் என்பது முதற்பொருள். சினம் "இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்" என்ற குறளில் வருவது இந்தத் தெப்பம்தான். அதே புணைக்கு விலங்கு என்ற பொருளும், பொறுப்பு, ஈடு என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. தெப்பம் என்பதே மூங்கிலையும் மரத்தையும் கட்டிச் சேர்த்ததுதானே. கட்டப்பட்டதும் அதுதான், கரைசேர்ப்பதும் அதுதான். பிணை என்ற சட்டக் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தின் 'பெயில்' பழைய பிரெஞ்சில் 'ஒப்படை' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. அதற்கும் பின்னால் சுமை தூக்குவதைக் குறித்த லத்தீன் சொல் நிற்கிறது. சிறைக்காவலர் கையிலிருந்த ஆளை, பொறுப்பேற்றவர் கையில் ஒப்படைக்கிறார்கள். காவல் மாறுகிறது, தீரவில்லை. ஆங்கிலம் கைமாற்றத்தைக் காட்டுகிறது, தமிழ் கயிற்றைக் காட்டுகிறது. பிணையில் வந்தவர் அவிழ்த்துவிடப்பட்டவர் இல்லை. இரும்புக் கம்பிக்குப் பதிலாக ஒரு வாக்குறுதியால் நீதிமன்றத்தோடு கட்டப்பட்டவர். ஆகவே 'பிணையில் விடுவிப்பு' என்று எழுதுவது சரி. வெறுமனே 'விடுதலை' என்று தலைப்பிடுவது தவறு, ஏனென்றால் குற்றமற்றவர் என்ற தீர்ப்புக்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம்.

இலங்கைத் தமிழர் இந்தச் சொல்லைக் கைவிடவே இல்லை. அங்கே 1997-இல் வந்த சட்டம் பிணைச் சட்டம். ஆள் பொறுப்பேற்றால் சரீரப் பிணை, பணம் கட்டினால் காசுப் பிணை அல்லது ரொக்கப் பிணை. செய்தியாளர் முதல் சந்தைக் கடைக்காரர் வரை இப்படித்தான் பேசுகிறார்கள். தமிழ்நாட்டிலும் சட்டத் தமிழில் பிணைதான், ஆனால் பேச்சில் ஜாமீன், நீதிமன்ற வளாகத்தில் 'பெயில்'. மலேசியாவில் மலாய் மொழியிலும் அதே அரபிச் சொல் 'ஜாமின்' என்று புழங்குகிறது.

இனி, அடிக்கடி கேட்கப்படும் சில ஐயங்கள். ஜாமீன் தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் பிணை என்றால், கைதானவர் வாய்தாவுக்கு வராமல் ஓடிப்போனால் அந்தத் தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று இருவர் எழுதிக்கொடுப்பது. கையில் பணம் எண்ணி வைப்பது இல்லை. பொறுப்பேற்பவரைப் பிணையாளர் என்றும், அவர் எழுதித்தரும் தாளைப் பிணைமுறி என்றும் சொல்லலாம். கைது நடக்கும் முன்பே கேட்பது முன்ஜாமீன், தமிழில் முன்பிணை. பரோல் இதில் சேராது. அது தண்டனை பெற்ற பின் கிடைக்கும் சிறை விடுப்பு.

மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, "ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவில் வழக்கு" என்ற செய்தி வரி. இதைப் படித்துவிட்டு, இனி வெளியே வரவே வழியில்லை என்று நினைத்து மனுப் போடாமலே இருந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒரு வகைக் குற்றங்களில் பிணை உரிமை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். இன்னொரு வகையில் அது உரிமை இல்லை, நீதிமன்றம் சூழலைப் பார்த்து முடிவு செய்யும். இரண்டாவது வகையிலும் நாள்தோறும் பிணை கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 'முடியாத' என்ற சொல்லை அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டு, 'நீதிமன்றமே பிணை வழங்கக்கூடிய பிரிவு' என்று எழுதினால் பலருக்கு நிம்மதி.

பிணையின் கயிறு எதனால் ஆனது, ஆளாலா பணத்தாலா என்ற கேள்வி ஏழைகளுக்கு உயிர்க்கேள்வி. பிணை உத்தரவு கையில் இருந்தும், சொத்துக் காட்டி நிற்கும் பிணையாளர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் இருக்கிறார்கள். 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனாரின் வழக்கு இப்படித்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவரை விடலாம் என்று மேல் நீதிமன்றம் சொன்ன பிறகும், கீழ் நீதிமன்றத்தில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். அவருடைய அண்ணன் தம்பி உறவில் ஒருவர் வந்து நின்றார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அவரை ஏற்கவில்லை. நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கேட்ட கேள்வியில் நாமும் இருக்கிறோம்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார்? கொத்தனாரை ஆயிரம் ரூபாய்க்கான அவருடைய சொந்தப் பிணைமுறியிலேயே விடச் சொன்னது நீதிமன்றம். பிறருடைய பொறுப்பு இல்லாமல், தன் சொல்லாலேயே ஒருவர் தன்னைக் கட்டிக்கொள்வதும் பிணைதான் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாக்கியது.

அந்த விவாதம் எழவே காரணம், 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 'பெயில்' என்ற சொல்லுக்கு விளக்கமே கொடுக்கப்படாததுதான். சொல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது, பொருள் எங்கும் எழுதப்படவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாதான் இரண்டாவது பிரிவில் அதை முதன்முறையாக வரையறுத்தது. பிணையாளரோடு எழுதித்தரும் உறுதிமொழிக்கு ஒரு பெயர், பிணையாளர் இல்லாமல் தானே எழுதித்தருவதற்கு வேறு பெயர் என்று அங்கே பிரித்திருக்கிறார்கள். தமிழில் முன்னதை ஆள்பிணை முறி என்றும், பின்னதைத் தன்பிணை முறி என்றும் சொன்னால், கையெழுத்துப் போட வருபவருக்குத் தான் எதற்குப் போடுகிறோம் என்பது படிக்கும்போதே விளங்கும்.