ஓர் இலக்கம் குறைந்த போன் நம்பர்

அந்தப் பையனுக்கு ஜாமீன் கிடைத்து முப்பத்தெட்டு நாளாகியிருந்தது. ஆனாலும் கிளைச்சிறையில்தான் இருந்தான். நூல் மில்லில் வேலை பார்த்த ஒடிசாக்காரன், திருட்டு வழக்கு. அவனுக்குப் பொறுப்பேற்று இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்ததே இரண்டு பேர்தான்: கூட்டிவந்த கான்ட்ராக்டர், கூடத் தங்கியிருந்த அறைக்காரன். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. அறைக்காரன் பயந்துபோய் ஊருக்கே ரயிலேறிவிட்டான்.

பையனின் செல்போன் கைப்பற்றிய பொருள்களோடு கிடந்தது. அம்மாவின் நம்பரில் ஒன்பது இலக்கம் அவனுக்கு நினைவிருந்தது. கடைசி இலக்கம் வரவில்லை. சிறைக்குப் போய்வந்த எங்கள் இலவச சட்ட உதவி அலுவலகத்தின் தன்னார்வலர் அந்த ஒன்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவந்து, ஆபீஸில் டேட்டா என்ட்ரி பார்க்கும் அக்காவின் மேசையில் வைத்தார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் எண் சுவிட்ச் ஆஃப். அடுத்ததில் யாரோ இந்தியில் திட்டினார்கள். ஒன்று உபயோகத்தில் இல்லை. ஏழாவது அழைப்பில் ஒரு பெண் குரல். பையனின் பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் அழுகை. அக்காவுக்கு ஒடியா தெரியாது. போனைக் கையில் பிடித்தபடியே கோர்ட் எதிரே இருக்கும் ஹோட்டலுக்கு ஓடினார். அங்கே பரோட்டா போடும் தம்பி ஒடிசாக்காரர். மாவுக் கையோடு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவர் பேசினார். பையன் ஜெயிலில் இருக்கிறான் என்பதே வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் ஆதார் நகலும் ஊர் விவரமும் வாட்ஸ்அப்பில் வந்தன. அதை வைத்து நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்டேன். வேறு ஆள் ஜாமீன் இல்லாமல், அவனுடைய சொந்தப் பிணையில் விடுவித்தார்கள்.

உத்தரவில் இருப்பது என் பெயர். நான் வாதாடியது நான்கு நிமிடம் இருக்கும்.

சட்டத்தில் புதிதாக நான் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவும் இல்லை. 1978-லேயே மோதி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. அவர் ஒரு கொத்தனார். பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். வேறு மாவட்டத்தில் இருந்த அண்ணன் தம்பியின் ஜாமீனை ஏற்க மறுத்தார்கள். ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கேட்டார். அன்றைக்குத் தமிழர் வெளியூரில் மாட்டிக்கொள்வதை நினைத்துக் கேட்ட கேள்வி. இன்றைக்கு நம் ஊரில் மாட்டிக்கொண்டவருக்காக நாங்கள் அதே பக்கத்தைப் படித்துக்காட்டுகிறோம். 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். எல்லாம் தாளில் இருக்கிறது. அந்தத் தாளுக்கும் இந்தப் பையனுக்கும் இடையே பத்து போன் நம்பர்களை வரிசையாகப் போட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

நான் வேலை செய்வது சட்ட உதவி பாதுகாப்பு ஆலோசகர் அலுவலகத்தில். கோர்ட் வளாகத்தில் சுருக்கமாக எல்.ஏ.டி.சி. ஆபீஸ். முன்பு இலவச சட்ட உதவி என்றால் பேனல் வக்கீல்கள்தான். சொந்த வழக்குகளுக்கு நடுவில் இதையும் பார்ப்பார்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2022-ல் திருத்திய திட்டத்தின்படி, குற்ற வழக்கில் எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, மட்டும் வாதாட முழுநேர அலுவலகம் வந்தது. தலைமை ஆலோசகருக்குக் குறைந்தது பத்து வருட குற்றவியல் அனுபவம், துணைத் தலைமைக்கு ஏழு, கீழே இளம் உதவி ஆலோசகர்கள். இவர்கள் தனி வழக்கு எடுக்கக் கூடாது. இவர்களோடு குமாஸ்தா வேலைக்கும் கணினிக்கும் வரவேற்புக்கும் வழக்குக் கட்டு தூக்கவும் சிலர். அரசுத் தரப்புக்குப் பின்னால் காவல் நிலையம், தடய அறிவியல் ஆய்வகம், அரசு மருத்துவர் என்று ஒரு படையே இருக்கிறது. எதிரித் தரப்புக்கு இந்த ஒரு அறைதான்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ரிமாண்ட் வரும், அதாவது கைதானவரைக் காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுவருவார்கள். மாஜிஸ்ட்ரேட் வீட்டு வாசல், ஜீப், இரண்டு போலீஸார், கைலி கட்டிய ஒரு ஆள். கையில் நான்கைந்து தாள் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது நிறைய. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், இருபத்து நான்கு மணி நேரம் தாண்டிவிட்டதா, காரணம் சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா, உடம்பில் காயம் உண்டா. காயத்தைப் பற்றி நேராகக் கேட்டால் பக்கத்தில் போலீஸ் நிற்கும்போது யாரும் சொல்லமாட்டார்கள். “சாப்பிட்டீங்களா அண்ணே, தண்ணி வேணுமா?” என்று ஆரம்பிக்க வேண்டும். பாட்டிலை எந்தக் கையில் வாங்குகிறார், தோளை எப்படித் தூக்குகிறார் என்று பார்க்க வேண்டும். இதை எனக்கு எந்த வகுப்பும் சொல்லித்தரவில்லை. கூட வந்த தன்னார்வலர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். முதன்முதலாக மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்தும்போதே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை தொடங்கிவிடுகிறது, அதை எடுத்துச் சொல்வது மாஜிஸ்ட்ரேட்டின் கடமை என்று 2012-ல் கசாப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மும்பைத் தாக்குதல் வழக்கில் பிறந்த விதி, கைலி கட்டியவருக்கும் பொருந்துகிறது.

எங்கள் குமாஸ்தா அண்ணனிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. ஒவ்வொரு ரிமாண்டுக்கும் ஒரு வரி: கிரைம் நம்பர், பிரிவு, ரிமாண்ட் தேதி, அதன் எதிரே சிவப்பு மையில் இரண்டு தேதிகள். அறுபதாவது நாள், தொண்ணூறாவது நாள். அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் ஜாமீன் கேட்பது எதிரியின் உரிமை. வழக்கின் தன்மை எப்படியிருந்தாலும், நிபந்தனையை நிறைவேற்றத் தயார் என்றால் கொடுத்தாக வேண்டும். பொதுவாக, மரணமோ ஆயுளோ குறைந்தது பத்து வருடமோ தண்டனை உள்ள குற்றத்துக்குத் தொண்ணூறு, மற்றவற்றுக்கு அறுபது. ஆனால் நாம் மனு போடுவதற்கு முன்பே குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. அதனால் ஒரு நாள்கூட இல்லை, ஒரு காலைப்பொழுதுதான் கணக்கு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டுமா என்பதிலேயே பல வருடம் குழப்பம் இருந்தது. சேர்க்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து நோட்டில் இருந்த எல்லாத் தேதியையும் ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதினார். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குக்கூட அப்போது தோன்றவில்லை.

“குற்றவாளிக்கு ஏன் சார் வாதாடுறீங்க?” என்று கல்யாண வீட்டில் கேட்பார்கள். இதற்கு நான் இப்போதெல்லாம் விளக்கம் சொல்வதில்லை, பாயசத்தைக் கவனிக்கிறேன். ஆனால் ஒரு விஷயம் மட்டும் சொல்லத் தோன்றும். ஊரே கொதிக்கிற வழக்கில் “யாரும் ஆஜராகக் கூடாது” என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது நம்மிடம் பழைய பழக்கம். கோயம்புத்தூரில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் நடந்த மோதலை ஒட்டி, போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம்வரை போனது. இப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, தொழில் அறத்துக்கு விரோதம் என்று 2010-ல் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு அமர்வு சொன்னது. அதாவது, போலீஸாருக்கும் அந்தப் பாதுகாப்பு ஒருநாள் தேவைப்பட்டது. தீர்ப்பு வந்தாலும் மனநிலை மாறிவிடவில்லை. அப்படிப்பட்ட வழக்கில் கடைசியில் வழக்குக் கட்டை எடுத்துக்கொண்டு போய் நிற்பவர் சட்ட உதவி வக்கீல்தான். அன்றைக்குக் கேன்டீனில் அவர் மேசையில் யாரும் உட்காரமாட்டார்கள். குமாஸ்தாவுக்கு நகல் பிரிவில் ஒரு பேப்பர் வாங்க மூன்று நாள் ஆகும்.

கட்சிக்காரர்களின் சந்தேகம் வேறு மாதிரி. “ஓசி வக்கீல் என்னத்த பேசப் போறாரு” என்பார்கள். ஒரு அம்மா, சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து என் கட்டுக்குள் செருகப் பார்த்தார். வாங்கக் கூடாதும்மா என்றதும் அவர் முகம் வாடியது. காசு வாங்காத வக்கீல் வேலை செய்யமாட்டான் என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். கட்டைப் படிக்காமல் வந்து நிற்கும் சட்ட உதவி வக்கீல்களையும் பார்த்திருக்கிறேன். மத்தியப் பிரதேசத்தில் 2013-ல் ஒரு வழக்கு. சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டு வனைந்து, இரண்டே வாரத்தில் விசாரணையை முடித்துத் தூக்குத் தண்டனை கொடுத்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் பத்து வருட அனுபவம் உள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றது. மறுவிசாரணைகளுக்குப் பின் 2024-ல் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். பதினோரு வருடம். முதல் நாளே கட்டைப் படிக்க ஒருவருக்கு நேரம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வழக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

நவம்பர் 9 தேசிய சட்டப்பணிகள் தினம்; 1987-ல் இயற்றிய சட்டம் 1995-ல் அந்தத் தேதியில்தான் நடைமுறைக்கு வந்தது. வருடா வருடம் விழா உண்டு. பொன்னாடை போர்த்துவார்கள், பேசுவார்கள். நாற்காலி போட்டு, பேனர் கட்டி, டீ சொல்லி, பெயர்ப்பட்டியல் அடித்தவர்களுக்கு மேடையில் இடம் இருப்பதில்லை. எனக்குப் பொன்னாடையில் பெரிய நம்பிக்கை இல்லை. இந்த வேலை முழுக்க ஒப்பந்தத்தில் நடக்கிறது. புதுப்பிப்பார்களா என்று ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு மாவட்டத்தில் ஊழியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் தள்ளிப்போனது. அப்போதும் ரிமாண்டுக்கு ஆள் போகாமல் இருந்ததில்லை. தன்னார்வலருக்குக் கிடைப்பது வேலை பார்த்த நாளுக்கான மதிப்பூதியம், வண்டிக்குப் பெட்ரோல் பெரும்பாலும் அவர் காசு. பாராட்ட நினைப்பவர்கள் முதலில் ஒன்றாம் தேதி சம்பளம் ஏற வழி செய்யட்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தொகை ஒதுக்கட்டும், பரோட்டா மாஸ்டரை எத்தனை நாளைக்குத் தொந்தரவு செய்வது.

இதைப் படிப்பவருக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ தேவைப்படலாம் என்பதால் சொல்லிவிடுகிறேன். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவு என்றாலும், சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மாவட்ட நீதிமன்றத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையம் உண்டு. அங்கே கைதிகளே தன்னார்வலர்களாக இருந்து சக கைதிகளுக்கு மனு எழுதித் தருகிறார்கள். வரும்போது எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் காவல் நிலையத்தின் பெயரும் பிடித்துப்போன தேதியும் போதும். வக்கீல் பீஸ், மனுச் செலவு, நகல் செலவு எதுவும் கிடையாது. யாராவது கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் நீதித்துறை அதிகாரி.

எங்கள் ஆபீஸ் என்றால், வக்கீல்கள் பத்தரைக்குமேல் கோர்ட் ஹாலில் இருப்போம். வாசலை ஒட்டிய முதல் மேசையில் அந்த அக்கா இருப்பார். மதியம் போனால் டிபன் பாக்ஸ் திறந்திருக்கும், போன் காதில் இருக்கும். ரெண்டு வாய் சாப்பிட விட்டுவிட்டுப் பேசுங்கள்.