ரெட்ஷர்ட் என்றால் செஞ்சட்டை அல்ல

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) பற்றிய தமிழ்க் காணொளி ஒன்றில் நேற்றும் அதே சொல் காதில் விழுந்தது: “இவர் ஒரு செஞ்சட்டை வீரர்.” ஒரு பருவம், அதாவது ஓர் ஆண்டின் போட்டிக் காலம், ஆடாமல் பயிற்சி மட்டும் செய்து, அந்தப் பருவத்தைப் பின்னாளுக்கு எடுத்துவைக்கும் வீரரை ஆங்கிலத்தில் ‘ரெட்ஷர்ட்’ என்பார்கள்; அதை அப்படியே தமிழாக்கியதுதான் இது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் கதை சின்னது. 1937-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியில் வாரன் ஆல்ஃப்சன் என்ற வீரர், அந்த ஆண்டு பயிற்சி மட்டும் செய்கிறேன், ஆட்டத்தில் இறங்கவில்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பயிற்சியில் அவர் போட்டிருந்தது எண் இல்லாத சிவப்புச் சட்டை. அதிலிருந்து வந்ததுதான் ரெட்ஷர்ட். இந்தச் சொல் வளர்ந்த விதிப்படி, கல்லூரியில் சேர்ந்த பின் ஒருவருக்கு 5 ஆண்டுகள்; அதற்குள் 4 பருவங்கள் ஆடலாம். ஒரு ஆண்டு ஆடாமல் இருந்தால் அந்தப் பருவம் கணக்கில் கழியாது, கையில் நிற்கும். 2018 முதல் 4 ஆட்டம் வரை ஆடினாலும் கழியாது என்று தளர்த்தினார்கள்.

சரி, செஞ்சட்டையில் என்ன தப்பு? தமிழில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. செஞ்சட்டைப் பேரணி என்றால் பொதுவுடைமைக் கட்சியினர், கருஞ்சட்டை என்றால் பெரியார் தொண்டர்கள். நம் ஊரில் சட்டையின் நிறம் கொள்கையைச் சொல்லும். ‘செஞ்சட்டை வீரர்’ என்று கேட்கும் தமிழருக்கு முதலில் தோன்றுவது போராட்டம்தான். அப்படித் தோன்றாதவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டவர் என்று நினைப்பார். இரண்டும் தவறு. அதைவிட, இன்று ரெட்ஷர்ட் வீரர் சிவப்புச் சட்டை போட வேண்டும் என்பதே இல்லை. ஆங்கிலத்திலேயே சட்டை போய்விட்டது, பொருள் மட்டும் நிற்கிறது. நாம் பொருளை விட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம்.

‘மாற்று வீரர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. மாற்று வீரர் எந்த நிமிடமும் களமிறங்கக் காத்திருப்பவர். இவரோ இறங்காமல் இருப்பதற்காகவே உட்கார வைக்கப்பட்டவர். ‘ஓய்வாண்டு’ என்பது இன்னும் மோசம். அந்தப் பிள்ளை தினமும் பயிற்சிக்குப் போகிறான், எடை தூக்குகிறான், அடுத்த வாரம் வரப்போகும் எதிரணி போல நடித்து ஆடி முதல் அணியிடம் இடிபடுகிறான். இதையா ஓய்வு என்பது?

என் சொல் ‘சேமிப்பாண்டு’. நடப்பது சேமிப்புதான்: ஒரு பருவத்தை எடுத்துவைக்கிறார்கள். இந்தச் சொல்லை எடுத்தால் மற்றதெல்லாம் தானாக வந்து உட்காருகிறது. பருவத்தின் பாதியில் அவசரப்பட்டு இளம் வீரரை அந்த 4 ஆட்டத்துக்கு மேல் இறக்கிவிட்டால் ரசிகர்கள் ‘ரெட்ஷர்ட்டை எரித்துவிட்டார்’ என்று பயிற்சியாளரைத் திட்டுவார்கள். நாம் ‘சேமிப்பைக் கரைத்துவிட்டார்’ என்போம். எந்த வீட்டிலும் புரியும். ஆனால் நான் பார்த்த வசன வரியில் ‘பயிற்சியாளர் அவரது சிவப்புச் சட்டையை எரித்தார்’ என்று இருந்தது. எழுதியவர் ஒரு நிமிடம் நிறுத்தி, ஏன் எரிக்கிறார் என்று யோசித்திருக்க வேண்டாமா?

ஜானி மான்செல் 2012-இல், ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் ‘ஃப்ரெஷ்மேன்’. அவரை ‘முதலாண்டு மாணவர்’ என்று எழுதுகிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அவருக்கு அது இரண்டாம் ஆண்டு. முந்தைய ஆண்டு சேமிப்பாண்டு. அடுத்த ஆண்டு வென்ற ஜேமிஸ் வின்ஸ்டனுக்கும் இதே கணக்கு. இருவரும் ‘முதற்பருவ வீரர்’. ஆண்டு வேறு, பருவம் வேறு. இதைப் பிரிக்காமல் இந்த விளையாட்டைத் தமிழில் பேசவே முடியாது.

அப்புறம், ஆள் சேர்ப்புக் காலத்தில் கிரேஷர்ட், கிரீன்ஷர்ட் என்றும் கேட்பீர்கள். தயவுசெய்து சாம்பல் சட்டை, பச்சைச் சட்டை வேண்டாம். இடம் இல்லாததால் சேர்க்கையை அடுத்த ஜனவரிக்குத் தள்ளிவைப்பவர் ‘தள்ளிச் சேர்பவர்’. பள்ளியைச் சீக்கிரம் முடித்து அரையாண்டு முன்பே வந்துவிடுபவர் ‘முந்திச் சேர்பவர்’.